பாட்டு தேனா கேக்குது, பேசுனா மட்டும் ஏன் கிணத்துக் குரல்? போன் பேச வயர்லெஸ் ஹெட்செட் எடுக்குறவங்களுக்கு ஒரு விளக்கம்

தென்காசி பக்கம் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்ல காலையில அஞ்சு நிமிஷம் நின்னு பாத்தாலே இந்தக் கூத்து தெரியும். யாவாரி ஒருத்தர் காதுல புது இயர்பட்ஸ், நாகர்கோவில் கடைக்காரருக்கு போன் போட்டு முருங்கக்கா வெல சொல்லுதார், அந்தப் பக்கம் "எழுவதா எம்பதா அண்ணாச்சி, சரியா கேக்கலையே"ன்னு திரும்பத் திரும்ப கேக்காங்க, இவர் மூணு தடவ கத்திப் பாத்துட்டு கடைசில இயர்பட்ஸ கழத்தி சட்டப்பையில போட்டுட்டு போனையே காதுல வச்சி சோலிய முடிக்கார். அதே இயர்பட்ஸ்ல ராத்திரி வீட்ல பாட்டு கேட்டா அப்படி இருக்கும். அப்போ பொருள் டூப்ளிகேட்டா, போன் சரியில்லையா, டவர் சரியில்லையா?

பெரும்பாலும் மூணுமே இல்ல. பாட்டு கேக்குறதுக்கும் போன் பேசுறதுக்கும் ஹெட்செட்டுக்குள்ள நடக்குற வேலையே வேற. விளம்பரத்துல பெருசா போடுற பேஸ், ஏஎன்சி (வெளிச்சத்தத்த அடக்குற வசதி), நாப்பது மணி நேர பேட்டரி இது எல்லாம் நம்ம காதுக்கான விஷயம். போன் பேச எடுக்குற ஹெட்செட்டுக்கு மார்க் போட வேண்டியது நம்ம காது கெடையாது, அந்தப் பக்கம் கேக்குறவங்க காது. இத மனசுல வச்சிக்கிட்டா மத்தது எல்லாம் தானா வெளங்கும்.

ஒரு பேச்சு எத்தன மடை தாண்டுது

நாம ஒரு வார்த்த சொன்னா அது அந்தப் பக்கம் போய்ச் சேர இத்தன இடம் கடக்கணும்:

1. ஹெட்செட்ல இருக்க மைக் நம்ம குரல புடிக்கணும், கூடவே பஸ் ஹாரனையும் புடிக்கும்.
2. உள்ள இருக்க சிப் குரல் எது இரைச்சல் எதுன்னு பிரிச்சு, மிச்சத்த சுருக்கணும்.
3. சுருக்குனது புளூடூத் ரேடியோ வழியா போனுக்குப் போகணும்.
4. போன் அத மறுபடி அவிழ்த்து, வேற மாதிரி சுருக்கி டவருக்கு அனுப்பணும்.
5. எதிர்த்தரப்புல அவங்க போன், அவங்க டவர், அவங்க ஸ்பீக்கர்.

தாமிரபரணியில எவ்வளவு வெள்ளம் போனாலும் கால்வாய்ல தொறந்த ஷட்டர் எவ்வளவோ அவ்வளவுதான் தண்ணி, கடைசி வயலுக்கு மடை எவ்வளவோ அவ்வளவுதான். இதுவும் அப்படித்தான், அஞ்சுல எது ரொம்ப குறுகலோ அதுதான் கடைசில கேக்குற தரம். ஆயிரக்கணக்குல குடுத்து ஹெட்செட் வாங்கியும் எதிர்ல இருக்கவங்க போன் பழைய 2ஜி லைன்ல இருந்தா வித்தியாசமே தெரியாமப் போறது இதனாலதான். நாலாவதும் அஞ்சாவதும் நம்ம கையில இல்ல, மொத மூணு மட்டும் நம்ம கையில இருக்கு.

புளூடூத்துக்குள்ள ரெண்டு ரோடு இருக்கு

குழப்பத்துக்கு மூல காரணமே இதுதான், கொஞ்சம் நிதானமா பாப்போம்.

புளூடூத்ல ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா ஒரு ஒப்பந்தம் மாதிரி வச்சிருக்காங்க, அதுக்கு பேரு புரொஃபைல். பாட்டுக்கு ஏ2டிபின்னு ஒண்ணு. இது ஒத்தவழிப் பாதை, போன்ல இருந்து காதுக்கு மட்டும் சவுண்டு வரும், திரும்பப் போக எதுவும் இல்ல. அதனால ரோடு அகலமா இருக்கும், ரெண்டு காதுக்கும் தனித்தனியா ஸ்டீரியோ வரும், கொஞ்சம் முன்னாடியே வாங்கி சேத்து வச்சிக்கிட்டு வாசிக்கவும் செய்யலாம்.

பேச்சுக்கு எச்எஃப்பின்னு வேற ஒண்ணு, அதாவது ஹேண்ட்ஸ் ஃப்ரீ புரொஃபைல். இதுல ஒரே நேரத்துல வரணும் போகணும், தாமதமும் ஆகக்கூடாது, தாமதமானா ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறிப் பேசுவோம். அதனால ரோட்ட குறுக்கிட்டாங்க. பழைய முறையில குரல ஒரு செகண்டுக்கு 8,000 தடவ அளந்து அனுப்புவாங்க, அதுக்கு சிவிஎஸ்டின்னு பேரு. 8,000 தடவ அளந்தா 4,000 ஹெர்ட்ஸுக்கு (சத்தம் எவ்வளவு கீச்சுன்னு இருக்குன்னு சொல்லுற அளவு) மேல இருக்க சத்தம் எதுவும் உள்ளயே வராது. 2011ல வந்த எச்எஃப்பி 1.6ல எம்எஸ்பிசின்னு ஒரு முறை சேந்துச்சு, அது 16,000 தடவ அளக்கும், அதனால கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உயரம் வர குரல் போகும். இதத்தான் டப்பாவுல வைட்பேண்ட், எச்டி வாய்ஸ்னு போடுதாங்க.

இந்த 4,000 ஹெர்ட்ஸ் என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. "எஸ்" "எஃப்" மாதிரி காத்து ஊதுற எழுத்துக்களோட அடையாளம் பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கு. பேங்க்ல இருந்து ஐஎஃப்எஸ்சி கோடு கேக்கும்போது "எஸ் ஃபார் சேலம், எஃப் ஃபார் ஃபேன்"னு சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கே, அது நம்ம உச்சரிப்பு கோளாறு இல்ல, பழைய டெலிபோன் லைன் 300ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரதான் விடும், ரெண்டு எழுத்தும் அதுக்குள்ள வந்தா ஒரே மாதிரிதான் கேக்கும். 4ஜி லைன்லயே பேச்சையும் அனுப்புற வோல்ட்டி வந்தப்புறம் டவர் பக்கத்துல இந்த மடை 7,000 ஹெர்ட்ஸ் வர அகலமாயிருச்சு. ஆனா ஹெட்செட் இன்னும் பழைய சிவிஎஸ்டிய மட்டும் பேசுச்சுன்னா டவர் குடுத்த அகலம் வீண்தான்.

அப்போ பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கும்போது போன் வந்தா என்ன நடக்குது? மைக் தொறந்த அந்த நொடியில ஹெட்செட் பெரிய ரோட்ட விட்டு சின்ன ரோட்டுக்கு எறங்குது. சவுண்டு திடீர்னு மங்கி டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆகுதே, அது பழுது கெடையாது, ரோடு மாறுனதுதான்.

லேப்டாப்ல இது இன்னும் பளிச்சுன்னு தெரியும். பழைய விண்டோஸ்ல ஒரே ஹெட்செட் "ஸ்டீரியோ"ன்னு ஒரு பேருலயும் "ஹேண்ட்ஸ் ஃப்ரீ"ன்னு இன்னொரு பேருலயும் ரெண்டா நிக்கிறத நெறய பேர் பாத்திருப்பீங்க, அந்த ரெண்டு ரோடுதான் அது. மீட்டிங்ல நாம பேசுறது கொஞ்சம், கேக்குறதுதான் ஜாஸ்தின்னா, மைக்குக்கு லேப்டாப்போட மைக்கயும் ஸ்பீக்கருக்கு ஹெட்செட் ஸ்டீரியோவையும் செலக்ட் பண்ணிருங்க, கேக்குறது தெளிவா இருக்கும். ஆனா நாமதான் ஜாஸ்தி பேசணும், வீட்ல ஃபேன் வேற ஓடுதுன்னா இது ஆகாது, தூரத்துல இருக்க மைக் ஃபேனத்தான் மொதல்ல புடிக்கும்.

2020ல எல்இ ஆடியோன்னு புது ஏற்பாட்ட அறிவிச்சாங்க, எல்சி3ன்னு புது சுருக்கு முறை, அதே அளவு டேட்டாவுல இன்னும் தெளிவா குரல் அனுப்பலாம், பேச்சுலயும் ரோடு அவ்வளவு குறுகாது. நல்ல விஷயம்தான். ஆனா இது போன்லயும் இருக்கணும் ஹெட்செட்லயும் இருக்கணும், ஒண்ணுல இல்லன்னா பழைய முறைக்குத்தான் போகும். இதுல ஏமாற இடம் ஒண்ணு இருக்கு: டப்பாவுல "புளூடூத் 5.3"ன்னு போட்டுருக்கும், கடைக்காரர் "இது லேட்டஸ்ட், கால் கிளாரிட்டி சூப்பர்"னு சொல்லுவார், அந்த நம்பருக்கும் கால் கிளாரிட்டிக்கும் நேரடி சம்பந்தம் இல்ல, 5.3னு போட்ட பொருள்ல எல்இ ஆடியோ கட்டாயம் இருக்கணும்னு எந்த விதியும் கெடையாது. தனியா எழுதியிருக்கான்னுதான் பாக்கணும்.

மைக் வாய்க்கு எவ்வளவு பக்கம்

என்னக் கேட்டா வெலையவிட பிராண்டவிட மொதல்ல பாக்க வேண்டியது இதுதான்.

சத்தம் தூரத்தோட எப்படி குறையுதுன்னு ஒரு கணக்கு இருக்கு, தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். கன்னத்துக்கு முன்னாடி கம்பி நீட்டிட்டு இருக்க மைக், அதான் பூம் மைக், வாயில இருந்து 3 சென்டிமீட்டர்ல இருக்குன்னு வைங்க. இயர்பட்ஸ் மைக் காதுகிட்ட 12 சென்டிமீட்டர்ல இருக்கு. தூரம் நாலு மடங்கு, அதாவது ரெண்டு தடவ இரட்டிச்சிருக்கு, அப்போ நம்ம குரல் 12 டெசிபல் கம்மியாத்தான் அதுக்கு கேக்கும். ஆனா ஜங்ஷன்ல நிக்கிற பஸ்ஸோட எஞ்சின் சத்தம் ரெண்டு மைக்குக்கும் ஒரே அளவுதான், ஏன்னா பஸ்ஸுக்கு 3 சென்டிமீட்டரும் 12 சென்டிமீட்டரும் ஒண்ணுதான். ஆக இரைச்சலுக்கு மேல குரல் எவ்வளவு தூக்கி நிக்குதுங்கிற கணக்குல பூம் மைக் எந்த சிப்போட உதவியும் இல்லாமலே 12 டெசிபல் முன்னாடி நிக்குது. கால் சென்டர்ல, விமானத்துல பைலட் தலையில எல்லாம் இன்னும் கம்பி நீட்டுன ஹெட்செட்டாவே இருக்கதுக்கு இதான் காரணம், பாக்க அழகா இல்லன்னு யாரும் மாத்தல.

இயர்பட்ஸ் கம்பெனிக்காரங்க இத ஈடுகட்ட ஒரு பட்ஸ்ல ரெண்டு மூணு மைக் வைக்காங்க. வாயில இருந்து வர்ற சத்தம் முன் மைக்க மொதல்ல தொடும், பின் மைக்க கொஞ்சம் கழிச்சு தொடும். ரெண்டுக்கும் நடுவுல 2 சென்டிமீட்டர்னா அந்த வித்தியாசம் ஒரு செகண்ட 17,000 பங்கா போட்டா அதுல ஒரு பங்கு. அவ்வளவு சின்ன வித்தியாசத்த வச்சி சிப் "இது வாய்ப்பக்கம் இருந்து வருது, வச்சிக்கோ, இது பக்கத்துல இருந்து வருது, வெட்டு"ன்னு பிரிக்குது. இதுக்கு பீம்ஃபார்மிங்னு பேரு. நல்ல சிப்பா இருந்தா நல்லாவே வேல செய்யும். மட்டமான சிப்னா இரைச்சலோட சேத்து நம்ம குரலையும் வெட்டிரும், அப்போதான் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி, பாதி வார்த்த முழுங்குன மாதிரி கேக்கும். பாவூர்சத்திரத்துல எழுவதுக்கும் எம்பதுக்கும் வித்தியாசம் போனது பெரும்பாலும் இங்கதான். "நாலு மைக்"னு டப்பாவுல போட்டத வச்சி சந்தோஷப்படாதீங்க, அத கையாளுற சிப்தான் முக்கியம்.

நெக்பேண்டப் பத்தி தனியா சொல்லணும், நம்ம ஊர்ல அதான் ஜாஸ்தி. தொலையாது, கழுத்துலயே கெடக்கும், பேட்டரி பெருசு, டெலிவரி தம்பிங்க எல்லாம் அதத்தான் போடுதாங்க. அதுல மைக் பெரும்பாலும் கழுத்துப்பட்டையிலயோ வயர்லயோ இருக்கும். தல திரும்புனா குரல் கூடிக் குறையும், சட்டக் காலர் உரசுனா கரகரன்னு கேக்கும், தாலிச்செயினோ துப்பட்டாவோ மைக் ஓட்டய உரசுச்சுன்னா அந்தப் பக்கம் இருக்கவங்களுக்கு தகரத்த சொரண்டுற மாதிரி இருக்கும், நமக்கோ ஒண்ணுமே தெரியாது. மைக் ஓட்ட எந்தப் பக்கம் இருக்குன்னு மொதல்ல கண்டுபுடிச்சி அந்தப் பக்கத்த துணிக்கு மேல வெளிய வைங்க, பாதி கம்ப்ளைண்ட் அதோட போயிரும்.

ஏஎன்சியும் ஈஎன்சியும் ஒண்ணு இல்ல

ஏஎன்சி, ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலிங். வெளிச்சத்தத்த மைக்ல புடிச்சி அதுக்கு நேர் எதிர் அலைய காதுக்குள்ள விட்டு ரெண்டும் ஒண்ண ஒண்ணு அழிச்சிக்கிற ஏற்பாடு. 1978ல அமர் போஸ் விமானத்துல போகும்போது எஞ்சின் இரைச்சல்ல ஹெட்போன்ல பாட்டே கேக்க முடியலன்னு யோசிச்சதுல இருந்து அவரோட கம்பெனி இதுல எறங்குச்சு, 1989ல பைலட்டுகளுக்கான ஹெட்செட்டா வெளிய வந்துச்சு. எஞ்சின், ஏசி, ட்ரெயின் ஓட்டம் மாதிரி ஒரே சீரா உறுமுற சத்தத்த நல்லா அடக்கும். திடீர்னு அடிக்கிற ஹாரன், பக்கத்து சீட்டு பேச்சு இதுல அவ்வளவு எடுபடாது.

முக்கியமா இது அடக்குறது நம்ம காதுக்கு வர்ற சத்தத்த. நாம அமைதியா இருக்கதா நெனச்சிக்கிட்டு இருப்போம், அந்தப் பக்கம் மொத்த பஸ் ஸ்டாண்டும் கேட்டுக்கிட்டு இருக்கும்.

எதிர்ல கேக்குறவங்களுக்காக நம்ம மைக்ல இரைச்சல குறைக்கிறதுக்குத்தான் ஈஎன்சின்னு பேரு போட்டு விக்காங்க. இதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே அளவுகோல் டப்பாவுல இருக்காது, ஒரு மைக் வச்சி லேசா சத்தத்த வெட்டுறதும் ஈஎன்சிதான், நல்ல சிப் வச்சி பேச்ச மட்டும் பிரிக்கிறதும் ஈஎன்சிதான். அதனால அந்த மூணெழுத்த படிச்சி முடிவெடுக்க முடியாது, கேட்டுப் பாத்துதான் எடுக்கணும்.

இன்னொண்ணு, காது ரெண்டையும் இறுக்கி அடச்சிட்டு பேசும்போது நம்ம குரல் நமக்கே சரியா கேக்காது, தெரியாமலே கத்திப் பேசுவோம், ஆபீஸ்ல பக்கத்துல இருக்கவங்க தல திருப்பிப் பாப்பாங்க. நம்ம குரல கொஞ்சம் நம்ம காதுக்கே திருப்பி விடுற வசதிக்கு சைட்டோன்னு பேரு. நாள் பூரா பேசுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், தொண்ட கட்டாது.

ஆனி ஆடிக் காத்து

சென்னையில இருக்கவங்க எழுதுற ரிவ்யூல இது வராது, நமக்குத்தான் இந்தத் தொல்ல. ஜூன்ல இருந்து செப்டம்பர் வர ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்து காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆளத் தள்ளும், செங்கோட்ட கணவாய்ப் பக்கம் தென்காசி, ஆலங்குளம் வர அதே கததான், கரண்டு எடுக்குற காத்தாடி வரிசையா நட்டு வச்சிருக்கது சும்மாவா. அந்தக் காத்துல நின்னு இயர்பட்ஸ்ல பேசுனா எதிர்ல இருக்கவங்களுக்கு படபடபடன்னு தார்ப்பாய் அடிக்கிற சத்தம்தான் கேக்கும்.

ஏன்னா காத்து சத்தம் தூரத்துல இருந்து வர்ற சத்தம் இல்ல, மைக் ஓட்டையில காத்து மோதி சுழிச்சி அங்கனயே உண்டாகுற சத்தம். ரெண்டு மைக்லயும் அது வேற வேற மாதிரி இருக்கும், அதனால முன்ன சொன்ன "எது மொதல்ல வந்துச்சு" கணக்கு இங்க செல்லாது. இதுக்கு சாப்ட்வேரவிட பழைய வழிதான் பலம்: மைக் மேல ஒரு பஞ்சு உறை. பூம் மைக்ல அத மாட்டலாம், இயர்பட்ஸ்ல முடியாது. தாடை எலும்போட அதிர்வ புடிக்கிற சென்சார் வச்ச இயர்பட்ஸ் சிலது இருக்கு, காத்துல அது கொஞ்சம் கைகுடுக்கும், ஆனா எலும்பு வழியா அடித்தொண்டக் குரல்தான் நல்லா வரும், எழுத்துத் தெளிவு கம்மி. காத்தாடி வேல, சர்வே வேல, கட்டட வேலன்னு வெளிய நிக்கிறவங்க பஞ்சு உறையோட ஒத்தக்காது பூம் ஹெட்செட் எடுக்கிறதுதான் சரி. அவசரத்துக்கு இயர்பட்ஸ்தான் இருக்குன்னா காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க, இல்ல பேசுற பக்கத்துக் காத சுவத்துப்பக்கம் வைங்க.

விட்டு விட்டு கேக்குது, ஏன்?

புளூடூத் ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல. வைஃபையும் அங்கதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கதான். நெரிசல சமாளிக்க புளூடூத் 79 சேனல்ல ஒரு செகண்டுக்கு 1,600 தடவ தாவித்தாவிப் போகும், அதனாலதான் இவ்வளவு கூட்டத்துலயும் ஓரளவு ஓடுது. அப்படியும் வெட்டுச்சுன்னா இத வரிசையா பாருங்க:

1. போன் எந்தப் பையில இருக்கு? இந்த அலைய மனுஷ ஒடம்பு நல்லா உறிஞ்சிரும், ஒடம்புல பாதிக்கு மேல தண்ணிதானே. வலது காதுல ஒத்த பட்ஸ், போன் இடது பின் பாக்கெட்ல, நடுவுல முழு ஆள். போன இடம் மாத்துங்க.
2. வீட்லயோ ஆபீஸ்லயோ லேப்டாப் வைஃபைய 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, 2.4 புளூடூத்துக்கு காலியா கெடைக்கும்.
3. ஹெட்செட்டோட யுஎஸ்பி டாங்கிள் (லேப்டாப்ல சொருகுற சின்ன ரேடியோ துண்டு) வந்துருந்தா அத யுஎஸ்பி 3 ஓட்டைக்குப் பக்கத்துல சொருகாதீங்க. யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4லயே இரைச்சல் கக்கும்னு 2012லயே இன்டெல் எழுதி வச்சிருக்கு. ஒரு சாண் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு தள்ளி வச்சா சரியாயிரும்.
4. பத்து மீட்டர்னு சொல்லுறது நடுவுல சுவர் இல்லாம. நம்ம ஊர் பழைய வீட்டு செங்கச் சுவர் ஒண்ணரை அடி, அதுக்கு அந்தப்பக்கம் போனா கணக்கு வேற.

ஆபீஸ்ல இருக்கவங்களுக்கு டாங்கிளோட வர்ற ஹெட்செட் நல்லது, லேப்டாப்போட சொந்த புளூடூத் எப்படி இருந்தாலும் ஹெட்செட் கம்பெனியே தன் டாங்கிள தன் ஹெட்செட்டுக்குன்னு சரிபண்ணித்தான் குடுக்கும். லேப்டாப் ஒண்ணு போன் ஒண்ணு ரெண்டுலயும் பேசுறவங்க மல்டிபாயிண்ட் இருக்கான்னு கட்டாயம் பாக்கணும், ஒரே நேரத்துல ரெண்டோடயும் சேந்து இருக்கும். இல்லன்னா ஒவ்வொரு தடவையும் ஒண்ண கழத்தி ஒண்ண மாட்டணும், அதுக்குள்ள கால் கட்டாயிரும்.

பேட்டரி, வேர்வ, வெயில்

டப்பாவுல போடுற மணி நேரம் பாட்டுக் கணக்கு, அதுவும் பெரும்பாலும் சார்ஜிங் டப்பாவையும் சேத்து. பேசும்போது மைக்கும் சிப்பும் ரெண்டு பக்க ரேடியோவும் ஓடுறதால சீக்கிரம் எறங்கும். "டாக் டைம்"னு தனியா போட்டுருந்தா அத மட்டும் பாருங்க, போடலன்னா அதுவே ஒரு பதில்தான். இயர்பட்ஸ்ல ஒண்ண மட்டும் மாட்டி ஒண்ண டப்பாவுல சார்ஜ் போட்டு மாத்தி மாத்தி பேசலாம், அதுக்கு ரெண்டுமே தனியா வேல செய்யணும்.

ஐபிஎக்ஸ்4னா எல்லாப் பக்கமும் தெறிக்கிற தண்ணிய தாங்கும், வேர்வைக்கும் குத்தால சாரலுக்கும் அது போதும், அருவில நனையப் போதாது. எக்ஸ்னு போட்டா தூசிக்கு சான்று இல்லன்னு அர்த்தம். சார்ஜிங் டப்பாவுக்கு பெரும்பாலும் இந்த சான்றே இருக்காது. லித்தியம் பேட்டரிக்கு வெயில் ஆகவே ஆகாது, மே மாசம் காருக்குள்ளயோ பைக் பெட்டிக்குள்ளயோ போட்டுட்டுப் போனா ஆயுசு கொறையும். இயர்பட்ஸ்ல பேட்டரி மாத்துறதும் லேசுப்பட்ட காரியம் இல்ல, பேட்டரி செத்தா பொருளே செத்த மாதிரி.

வயர் ஹெட்செட்டுக்கு இந்த ரோடு மாறுற பிரச்சன எதுவும் இல்ல, சார்ஜ் வேண்டாம், வெலையும் கம்மி. ஒரே மேஜையில ஒக்காந்து பேசுறவங்களுக்கு வயர்லெஸ் கட்டாயம் வேணுமான்னு ஒரு தடவ யோசிங்க.

வண்டி ஓட்டும்போது

மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவுல 2019ல கொண்டுவந்த திருத்தம் கையில புடிச்ச போன ஆபத்தான ஓட்டுதல்ல சேக்குது, மொத தடவைக்கே 1,000ல இருந்து 5,000 ரூவா வர அபராதம், இல்லன்னா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஜெயில், ரெண்டும் சேந்தும் போடலாம். "கையில புடிச்சாத்தானே, காதுல மாட்டுனா பரவால்லையே"ன்னு நெறய பேர் நெனைக்காங்க. அமெரிக்காவுல யூட்டா யுனிவர்சிட்டில டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2001ல ஓட்டிப் பாக்குற சோதன வச்சி ஆராய்ஞ்சாங்க, கையில புடிச்சிப் பேசுனவங்களும் ஹேண்ட்ஸ் ஃப்ரீல பேசுனவங்களும் ஒரே மாதிரிதான் சிக்னல கோட்ட விட்டாங்க. கை காலியா இருந்தாலும் கவனம் பேச்சுலதான் இருக்கு. நாலு வழிச்சாலையில பைக்ல ஹெல்மெட்டுக்குள்ள இயர்பட்ஸ அடச்சிக்கிட்டு வெல பேசிட்டுப் போற தம்பிங்களப் பாக்கும்போது வயிறு கலங்குது, பின்னால வர்ற லாரி ஹாரனும் கேக்காது, காத்துல இவங்க பேசுறதும் அங்க கேக்காது. ஓரங்கட்டி நிறுத்திட்டுப் பேசுங்க.

நடந்து போறவங்களுக்கு, கடையில ஆளப் பாத்துக்கிட்டே போன் எடுக்கிறவங்களுக்கு காத அடைக்காத மாடல் நல்லது. கன்னத்து எலும்புல அதிர்வு குடுக்குற போன் (bone, அதாவது எலும்பு) கண்டக்‌ஷன் ஹெட்செட் அந்த வகை. ஆனா எலும்பு வழிங்கிறது நமக்கு கேக்குறதுக்கு மட்டும்தான், மைக் பெரும்பாலும் சாதா மைக்தான், மார்க்கெட் இரைச்சல்ல நமக்கும் கேக்காது அவங்களுக்கும் கேக்காது.

அப்போ யாருக்கு எது

1. கங்கைகொண்டான் ஐடி பார்க், மத்தளம்பாறை ஆபீஸ், வீட்ல இருந்து வேலன்னு நாள் பூரா பேசுறவங்க: பூம் மைக், டாங்கிள், மல்டிபாயிண்ட், சைட்டோன். ஏஎன்சி இருந்தா சரி, இல்லன்னாலும் ஒண்ணும் குடி முழுகாது. காதுக்கு மேல ஒக்கார்ற பஞ்சு தனியா கெடைக்குமான்னு கேட்டுக்கோங்க, அதுதான் மொதல்ல கிழியும்.
2. மார்க்கெட், லாரி ஷெட், கட்டடம், காத்தாடி: ஒத்தக்காது பூம் ஹெட்செட், பஞ்சு உறை. ஒரு காது வெளிய இருக்கணும், அது பாதுகாப்பு.
3. திருநெல்வேலி தென்காசி பஸ்ல, நாகர்கோவில் ட்ரெயின்ல தெனம் போய்வர்றவங்க: இயர்பட்ஸ் போதும், ஏஎன்சி இங்கதான் உண்மையில பிரயோஜனம், எஞ்சின் சத்தம் அடங்குனா வால்யூம கூட்ட வேண்டாம். 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம்ங்கிறதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்ல, பஸ் இரைச்சலுக்கு மேல வால்யூம் வச்சா அத ஈசியா தாண்டிருவோம்.

கடையில எடுக்கும்போது

டப்பாவுல பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) மார்க்கும் அதுக்குக் கீழ "ஆர்"னு தொடங்குற பதிவு நம்பரும் இருக்கான்னு பாருங்க, பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பர அடிச்சா யார் பேருல பதிவுன்னு காட்டும், டப்பாவுல இருக்க பேரும் அதுவும் ஒத்துப் போகணும். பில் வாங்காம வராதீங்க, வாரண்டி தகராறுன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிட பில்தான் கையில இருக்கணும்.

அப்புறம் சோதன. எல்லாரும் தன் காதுல மாட்டி பாட்டு போட்டுப் பாத்துட்டு வாங்கிருதாங்க, போன் பேச எடுக்கும்போது அது பாதி சோதனதான். கூட ஒரு ஆள கூட்டிட்டுப் போங்க. கடையில டெமோ பீஸ் இருந்தா அத, இல்லன்னா அதே மாடல் வச்சிருக்க தெரிஞ்சவங்ககிட்ட வாங்கி, கூட வந்தவர் காதுல மாட்டி திருநெல்வேலி வண்ணார்பேட்ட மாதிரி பஸ் போற ரோட்டுக்கு அனுப்புங்க. அவர் உங்களுக்கு போன் போடட்டும், நீங்க கடைக்குள்ள நின்னு கேளுங்க. பஸ் கடக்கும்போது அவர் "எழுவது, எம்பது, எஸ், எஃப்"னு சாதாரணமா பேசுற குரல்ல மாத்தி மாத்தி சொல்லட்டும், கத்தக் கூடாது. நீங்க கேட்டத ஒரு தாள்ல எழுதி வைங்க, அவர் திரும்பி வந்ததும் சொன்னதோட ஒத்துப் பாருங்க.